உரோமக் கப்பல் ஒதுங்கிய துறையும் இரவில் பேசும் சுவர்களும் (புத்தளக் கரையின் கதை – 17)

சென்ற வாரம் இப்னு பதூதாவைப் புத்தளத்துக் கரையில் விட்டுவிட்டு வந்தோம். 1344ஆம் ஆண்டு. முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்களை மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ போய்வந்த நாடுகளில் இப்படிப்பட்டவை உண்டா என்று மன்னர் கேட்டார். இல்லை என்று அந்த மொரோக்கோ நாட்டுப் பயணி ஒப்புக்கொண்டார். இந்த வாரம் அதற்கும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் முந்திப் போகிறோம். போகுமுன் வாசகர் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கரைக்கு உரோமர் வந்தார்கள், அரபிகள் வந்தார்கள் என்று வாரந்தோறும் எழுதுகிறோமே, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட என்ன இருக்கிறது?

கல்லென்று காட்ட ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால்தான் இந்த அத்தியாயம் பாதி பழைய வரலாறாகவும் பாதி அதைக் காட்டும் வழியைப் பற்றியதாகவும் அமைகிறது.

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்து தேசியப் பூங்காவுக்குள், மன்னார் மாவட்ட எல்லையை நெருங்கும் இடத்தில் குதிரைமலை முனை இருக்கிறது. மலை என்று பெயர் இருந்தாலும் அது கடலைப் பார்த்து நிற்கும் ஒரு செம்மண் மேடுதான். மண் செம்பு நிறம். விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி இதுதான் என்று ஒரு சாரார் சொல்வதற்கு அந்த நிறமும் ஒரு காரணம். அல்லி அரசாணியின் கோட்டை இங்கே கடலுக்குள் போனது என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் கதை. முன்னங்கால்களைத் தூக்கி நின்ற ஒரு மாபெரும் குதிரைச் சிலையின் மிச்சம் என்று செங்கல் சுண்ணக் குவியல் ஒன்றையும் காட்டுவார்கள். சங்கப் பாடல்களில் வரும் குதிரைமலை இதுவே என்று எழுதியவர்களும் உண்டு. அம்மலைக்கு உரியவனாகப் பாடப்பட்ட பிட்டங்கொற்றன் சேரனின் படைத்தலைவன், அவன் மலை சேரர் பக்கத்து மலை என்று கொள்வதே பொருத்தம். கதைகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றைச் சான்றோடு கலந்து பரிமாறினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

சான்று என்று கையில் இருப்பது ஒரு நூலில் உள்ள சில பக்கங்கள். கி.பி. 77ஆம் ஆண்டளவில் மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலை முடித்தார். இரண்டு ஆண்டு கழித்து வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன அதே பிளினிதான். தப்ரோபனே என்று அவர் எழுதும் இலங்கையைப் பற்றிய பகுதி நூலின் ஆறாம் புத்தகத்தில் வருகிறது. செங்கடல் துறைகளில் சுங்கம் வசூலிக்கும் குத்தகையை உரோம அரசிடமிருந்து எடுத்திருந்தவர் அன்னியஸ் புளோகாமஸ். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியக் கரையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தபோது வாடைக்காற்றில் அகப்பட்டான். கர்மானியக் கரையையும் தாண்டி அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் ஹிப்பூரோஸ் என்ற துறையில் ஒதுங்கினான். இலங்கை மன்னன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அதற்குள் இந்நாட்டு மொழியைக் கற்றுக்கொண்ட அவன், தன் நாட்டைப் பற்றி மன்னன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

மன்னனை அசத்தியது படைபலமோ மாளிகைகளோ அல்ல, வந்தவனிடம் இருந்த காசுகள். தினாரியம் என்னும் அந்த வெள்ளிக் காசுகளில் வேறு வேறு ஆட்களின் முகங்கள் பொறித்திருந்தன. தராசில் வைத்தால் எல்லாம் ஒரே எடை. ஆள் மாறினாலும் நிறை மாறாத நாடு நேர்மையான நாடாகத்தான் இருக்கவேண்டும் என்று மன்னன் எண்ணினான். ராக்கியாஸ் என்பவனின் தலைமையில் நால்வரைத் தூதாக அனுப்பினான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உரோமில் ஆண்டவர் குளோடியஸ். அவர் ஆட்சி கி.பி. 41 முதல் 54 வரை.

அந்தக் காசைச் சற்றுக் கிட்ட வைத்துப் பார்ப்போம். அகஸ்டஸ் காலத்துத் தினாரியம் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் குறுக்களவு, நாலு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. ஓர் உரோம இறாத்தல் வெள்ளிக்கு 84 காசு அடித்தார்கள். கி.பி. 64இல் நீரோ அதையே 96 ஆக்கினார். காசு இளைத்தது, வெள்ளியின் தரமும் இறங்கியது. பிளினி இந்தக் கதையை எழுதியபோது அது நடந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. இலங்கை மன்னன் வியந்த அந்த நேர்மை தம் ஊரிலேயே இல்லாமற் போனது பிளினியின் வாசகருக்குத் தெரியும். அந்தப் பத்தியில் ஒரு குத்தல் இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

கதையை அப்படியே நம்பலாமா? ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதிய கொஸ்மாஸ் இண்டிக்கோபிளூஸ்டஸ் என்ற துறவியிடமும் இதே சாயலில் ஒரு கதை இருக்கிறது. சோபாட்ரஸ் என்ற வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை மன்னன் முன் நிற்கிறார்கள். யாருடைய அரசன் பெரியவன் என்று வழக்கு. உரோமரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசும் அருகருகே வைக்கப்படுகின்றன, பொற்காசு வெல்கிறது. தூரதேசத்து அரசன் நம் காசைப் பார்த்து மயங்கினான் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் பலரும் விரும்பிக் கேட்ட கதை போலும். ஆகவே காசுக் காட்சியில் மெருகு ஏறியிருக்கலாம்.

ஆனால் ஆட்கள் பொய்யில்லை. எகிப்தில் நைல் நதிக்கரைக் கொப்டோசிலிருந்து செங்கடல் துறையான பெரனீக்கேக்குப் போகும் பாலைவனப் பாதையில், வாடி மெனிஹ் என்ற பள்ளத்தாக்கில், வணிகர் வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு பாறை நிழல் உண்டு. அந்தப் பாறையில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் வெட்டியிருக்கிறது: பூப்லியஸ் அன்னியஸ் புளோகாமஸின் ஆளான லீசாஸ் வந்தேன் என்று. காலம் கி.பி. 6, ஜூலை மாதம். டேவிட் மெரடித் இதை 1953இல் வெளியிட்டார். ஒரு சுங்கக் குத்தகைக்காரரின் வேலையாள் போகிற வழியில் தன் பெயரைக் கல்லில் கீறிவைத்ததால் பிளினியின் பக்கங்களுக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது.

கிடைத்த கையோடு ஒரு சிக்கலும் வந்தது. புளோகாமஸின் ஆட்கள் கி.பி. 6இல் செங்கடல் பாதையில் இருந்தார்கள். தூதர்கள் குளோடியஸிடம் போனது மிகவும் முந்தினாலும் 41இல். நடுவே முப்பத்தைந்து ஆண்டு. காற்றில் அடிபட்டு வந்தவன் அகஸ்டஸ் காலத்திலேயே வந்திருக்கலாம், பிளினி இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கிவிட்டார் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருந்தி வருகிறது. காரணம் நம் பக்கத்துச் சான்று. மகாவம்சத்துக்கு எழுதப்பட்ட பழைய பாளி உரை, பாதிகாபய மன்னன் உரோமனுக்க நாட்டுக்கு ஆளனுப்பிப் பவளம் தருவித்து அநுராதபுரத்து மகாதூபத்துக்கு வலையாகப் போர்த்தினான் என்கிறது. அவன் ஆண்ட ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் இருவிதமாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு கணக்கில் அவன் அகஸ்டஸின் சமகாலத்தவன், மற்றொன்றில் குளோடியஸுக்கு அருகில் வருகிறான். எப்படிக் கொண்டாலும் இரு பக்க நூல்களும் ஒரே தலைமுறைகளைச் சுற்றி வருகின்றன. மத்தியதரைக் கடலின் செம்பவளம் இந்தியத் துறைகளில் இறங்கிய சரக்கு என்பதைப் பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பேடும் சொல்கிறது. நம் கரையிலும் பவளப்பாறை உண்டு. ஆனால் அது வெண்கல், வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் ஆகும். தூபத்துக்குப் போர்த்தும் செம்மணிக்குக் கடல் கடந்துதான் போகவேண்டியிருந்தது.

ஹிப்பூரோஸ்தான் குதிரைமலை என்பதை 1859இல் தம் இலங்கை நூலை வெளியிட்ட எமர்சன் டெனென்ட் போன்றோர் எடுத்துச் சொன்னார்கள். பெயர்ப் பொருளின் ஒற்றுமையும் (கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை) முத்துப்பாரின் அருகாமையும் அதற்கு ஆதாரம். மண்ணிலிருந்து இன்னும் உறுதியான சாட்சி வரவில்லை. அதனால் இந்தத் தொடரில் நான் 'பெரும்பாலும்' என்ற சொல்லை விடாமல் சேர்த்தே எழுதி வருகிறேன்.

மண் வேறொன்றைக் கொடுத்தது. குதிரைமலைக்குத் தெற்கே, அதே வில்பத்துக் காட்டுக்குள், பொம்பரிப்பு. 1920களில் தொல்லியல் ஆணையாளர் ஹோகார்ட் காலத்தில் கவனத்துக்கு வந்து, 1950களில் பி.இ.பி. தெரணியகல தோண்டிய ஈமத்தாழிக் காடு. 1970இல் அங்கே அகழ்ந்தவர் விமலா பெக்லி. கறுப்பு–சிவப்புப் பானைகளும், ஒரே தாழிக்குள் பலரது எலும்புகளும், திருநெல்வேலிப் பக்கத்து ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் அடக்கமுறையும் வெளிப்பட்டன. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் இந்தக் கரையில் மக்கள் வாழ்ந்தார்கள், எதிர்க்கரையோடு ஒரே பழக்கம் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதே பெக்லி அம்மையார் 1989 முதல் 1992 வரை புதுச்சேரி அரிக்கமேட்டில் அகழ்ந்தார். 1945இல் மோர்ட்டிமர் வீலர் உரோமப் பாண்டங்களைக் கண்ட இடம் அது. புத்தளக் கரையையும் உரோம வணிகத்தையும் ஒரே கையால் தொட்டவர் அவர். நம் பாடநூல்களில் அவர் பெயர் இல்லை, இருக்கவேண்டும்.

அரிக்கமேட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு ஏமாற்றம் தெரியும். உரோம வணிகத்தின் பெயரால் உலகமே அறிந்த அந்த இடத்தில் நிற்கும் சுவர் பிற்காலத்துக் கிறிஸ்தவ மடத்துடையது. உரோமின் தடயம் முழுவதும் மண்ணடியிலும் அருங்காட்சியகப் பெட்டிகளிலும் இருக்கிறது. குதிரைமலையில் அந்தச் சுவர்கூட இல்லை. மன்னார்ப் பக்கம் அரிப்பில் கிரேக்கப் பாணியில் எழுந்த டோரிக் மாளிகை இடிந்து நிற்கிறது. அது 1801க்கும் 1804க்கும் இடையில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணிக்கக் கட்டியது. அதைக் காட்டி உரோமர் கட்டியது என்று சொல்லும் வழிகாட்டியை நம்பிவிடாதீர்கள். கடல் அரித்துக்கொண்டே வருவதால் அதற்கும் ஆயுள் குறைவு.

பார்க்க ஒன்றுமில்லாத வரலாற்றைப் பார்க்க வைப்பது எப்படி என்ற கேள்விக்கு உலகம் கண்ட ஒரு விடை, இரவுக் காட்சி. 1952இல் பிரான்சின் ஷாம்போர் கோட்டையில் அதன் காப்பாளர் போல் ரொபேர்–ஊடென் முதல் ஒலி–ஒளிக் காட்சியை நடத்தினார். பகலில் பார்த்துச் சலித்த கட்டடம் இரவில், ஒவ்வொரு சாளரமாக விளக்கேறி, குரலும் இசையும் சேர, வேறாகத் தெரிந்தது. 1961இல் கீசா பிரமிடுகளுக்குப் போனது, 1965இல் டில்லி செங்கோட்டைக்கு வந்தது. நம்மவர்க்கு மிகப் பழக்கமானது மதுரை. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலில் 1981 முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாலைதோறும் நடந்த காட்சி. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவோம். பெருந்தூண்கள் சிவக்கும், பச்சையாகும், நீலமாகும். மறைவிலிருந்து குரல்கள் கோவலன் கண்ணகி கதையைச் சொல்லும். பாண்டியன் அவையில் சிலம்பு உடையும் இடத்தில் அந்த மண்டபமே அவையாகிவிடும். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே உட்கார்ந்த எத்தனையோ பேருக்கு மதுரை என்றால் இன்றும் அந்தக் குரல்தான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். கண்ணகி நின்ற இடம் அந்த மகால் அல்ல. இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள். கதை ஒன்று, கட்டடம் வேறு. குரலின் வலிமையால் அது ஒட்டியது. இரவல் சுவர் என்று பார்வையாளருக்குச் சொல்லியிருந்தாலும் ஒட்டியிருக்கும் என்பது என் துணிபு. குறைந்தது, கண்ணகி நாயக்கர் காலத்தவள் என்று நினைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் வீடு திரும்பியிருக்காது.

உரோம் நகரமே இதை வேறு விதமாகச் செய்தது. 2014, அகஸ்டஸ் இறந்து இரண்டாயிரமாம் ஆண்டு. அவர் கி.மு. 2இல் திறந்துவைத்த சதுக்கத்தின் இடிபாடுகளில் அந்த ஆண்டு இரவுக் காட்சி தொடங்கியது. அமைத்தவர்கள் தொலைக்காட்சியில் அறிவியல் சொல்லி இத்தாலியின் வீடுதோறும் அறிமுகமான பியேரோ ஆஞ்செலாவும் இயற்பியலாளர் பாக்கோ லான்சியானோவும். அடுத்த ஆண்டு பக்கத்திலிருக்கும் சீசரின் சதுக்கத்துக்கும் ஒன்று அமைத்தார்கள். சதுக்கங்களின் பெரும்பகுதி 1932இல் முசோலினி திறந்த அகன்ற சாலையின் அடியில் புதைந்திருக்கிறது. வெளியே நிற்பது போர்த்தெய்வம் மார்ஸின் கோயிலில் எஞ்சிய சில தூண்களும், பின்னால் சேரியின் தீ பரவாமல் தடுக்க எழுப்பிய உயரமான கற்சுவரும். அந்தச் சுவரையே திரையாக்கினார்கள். ஏறத்தாழ நாற்பது நிமிடம். விழுந்துபோன தூண்கள் இருந்த இடத்தில் ஒளியாக எழும், கூரை மூடும், சிலைகளுக்கு வண்ணம் ஏறும், எல்லாம் கலைந்து மீண்டும் வெறுங்கல் மிஞ்சும். எட்டு மொழியில் விளக்கம். கேட்பவர் காதில் ஹெட்போன். ஆயிரம் பேர் தெருவில் போனாலும் அவர்களுக்குச் சத்தமில்லை.

அந்தச் சதுக்கம் திறந்து ஏழு ஆண்டில்தான் லீசாஸ் பாலைவனப் பாறையில் பெயர் வெட்டினான். அங்கே ஒளியில் எழும் தூண்களும் நம் கரையில் ஒதுங்கிய கப்பலும் ஒரே காலத்து வரலாற்றின் இரு முனைகள். ஒரு முனையில் உலகத்தரமான இரவுக் காட்சி அமைந்தது. மறுமுனையில் ஒரு அறிவிப்புப் பலகைகூட ஒழுங்காக இல்லை.

இங்கே அப்படியொன்று வேண்டும் என்பதே நான் இந்த வாரம் சொல்ல வந்தது. எங்கே என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். குதிரைமலையில் கூடாது. அது சிறுத்தையும் கரடியும் திரியும் காடு. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்து 2010இல் மறுபடி திறந்த பூங்கா. இரவில் பார்வையாளருக்கு அனுமதியில்லை, அனுமதிக்கவும் கூடாது. வெளிச்சம் கண்டால் ஆமைக்குஞ்சுகள் கடலை விட்டுக் கரைக்குத் திரும்பிப்போகும். வரலாற்றைக் காட்டுவதற்காக உயிர்களின் இருட்டைப் பறிக்க நமக்கு உரிமையில்லை.

அதற்குப் பதிலாகக் கற்பிட்டிக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்து இயேசு சபைத் தேவாலயம் இருந்த இடத்தில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டியது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் வணிகம் புத்தளம் களப்பு வழியாகக் கடலுக்குப் போவதை மறிக்க எழுந்தது. 1795 நவம்பரில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பவளக்கல்லும் சுண்ணக்கல்லும் சேர்த்து எழுப்பிய தடித்த மதில், நான்கு மூலையிலும் கொத்தளம், களப்பைப் பார்த்த செங்கல் வளைவு வாசல், உள்ளே கூரையிழந்த கட்டடங்கள். கிட்டப் போய் மதிலைப் பாருங்கள்: சாந்து உதிர்ந்த இடங்களில் பவளத்தின் சிறு சிறு கண்ணறைகள், விரல் வைத்தால் சுரசுரக்கும். பகலிலேயே வெளிர்நிறமாகத் தெரியும் சுவர். ஒளியை வாங்கித் திருப்பித்தர இதைவிட நல்ல பரப்பு இந்த மாவட்டத்தில் இல்லை. இன்று கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் அனுமதி பெற்றே உள்ளே போகவேண்டும். பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மாலை வாசல் திறந்தால் போதும்.

அந்தச் சுவர் உரோமக் கதைக்கு இரவல்தான். அதைத் தொடக்கத்திலேயே மூன்று மொழியிலும் சொல்லிவிடவேண்டும்: இது ஒல்லாந்தர் கோட்டை, நீங்கள் கேட்கப்போவது வடக்கே காட்டுக்குள் பெரும்பாலும் நிகழ்ந்தது. அப்புறம் குரல் முன்னே போகட்டும், படம் பின்னே வரட்டும். இருந்த கட்டடத்தை மீட்டுக் காட்ட உரோமில் அளவுகள் இருந்தன. நமக்கு ஹிப்பூரோஸில் ஒரு செங்கல்லின் அளவும் தெரியாது. கணினியில் தங்கக் கூரை போட்ட அரண்மனையை வரைந்துவிடுவது எளிது. பார்த்த பிள்ளை அதையே வரலாறு என்று தன் பிள்ளைக்குச் சொல்லும். ஆகவே அரண்மனை வேண்டாம். தராசு காட்டுங்கள், இரண்டு தட்டிலும் இரண்டு முகம், முள் அசையாமல் நிற்கட்டும். பாறையில் உளி விழும் ஓசையோடு லீசாஸின் பெயர் எழுத்தெழுத்தாகச் சுவரில் வரட்டும். கண்டுபிடித்தது கண்டுபிடித்தபடி, ஊகம் ஊகம் என்று சொல்லியபடி.

எனக்கு மிகவும் பிடித்தது நிழல் பற்றிய செய்தி. உரோமுக்குப் போன தூதர்கள் அங்கே வியந்தவற்றுள் ஒன்று, நிழல் விழும் திசை. எங்கள் நாட்டில் நிழல் இந்தப் பக்கம் விழாதே என்றார்களாம். வெறும் கட்டுக்கதையாகத் தோன்றும், ஆனால் ஆண்டின் ஒரு பகுதிக்குச் சரி. புத்தளம் வடக்கே எட்டுப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டையொட்டி உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். உரோமில் ஆண்டு முழுவதும் நிழல் வடக்கேதான்.  ஒரு கோலும் ஒரு விளக்கும் போதும், இதைச் சுவரில் காட்டலாம். புத்தாண்டு நாளில் வீட்டு முற்றத்தில் கோல் நட்டு எந்தப் பிள்ளையும் தானே சோதித்துக்கொள்ளலாம்.

உரோமக் கதை கால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. கரையின் கதையில் அது ஓர் அத்தியாயந்தான். பொம்பரிப்புத் தாழிகள் முதலில் வரட்டும். பிறகு பதூதாவின் புத்தளம்: மரவேலி சூழ்ந்த சிறு பட்டினம், கரையில் குவிந்த கறுவாக் கட்டைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், உப்பளம், முத்து. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் சிரம்பியடியில் இன்றும் பாடும் மஞ்சா பாட்டு; அது அவர்களே வந்து பாடவேண்டிய பாட்டு, பதிவுசெய்து ஒலிபரப்பிவிட்டுப் போகிற பாட்டல்ல. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கையில் கிடைத்ததோடு இந்த மாவட்டத்துக்கு வந்த முஸ்லிம் மக்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று கற்பிட்டிப் பள்ளிகளில் வரலாறு படிக்கிறார்கள். கரை ஒதுங்கி வந்தவர்களின் நீண்ட வரிசையில் தங்கள் பெற்றோரும் உண்டு என்று அவர்கள் கேட்கவேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் யாரும் தம்மை விருந்தாளியாக உணரும்படி ஒரு காட்சி அமைந்தால் அது நடக்காமல் இருப்பதே நல்லது.

நடைமுறையில் மூன்று விஷயம். ஒலிபெருக்கி வேண்டாம், உரோமில் போல ஹெட்போன் போதும். பள்ளிவாசலும் தேவாலயமும் அருகில் இருக்கும் ஊர். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் முன்னிரவிலேயே உறங்குவார்கள். காலம் தை முதல் சித்திரை வரை. அதற்கு முன் வாடைமழை, அதற்குப் பின் சோளகக் காற்று ஆளையே தள்ளும். மார்ச் மாதத் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குத் தீவெங்கும் இருந்து மக்கள் இந்தத் தீபகற்பத்துக்குத்தான் வருகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கென்று தொடங்காமல் அந்த யாத்திரிகருக்கும் மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் என்று தொடங்கினால் காட்சி நிலைக்கும். மூன்றாவது, பவளக்கல் மென்மையானது. சுவரில் ஆணியடித்து விளக்குப் பொருத்தக்கூடாது. எல்லாக் கருவியும் தரையில் நிற்கவேண்டும். தொல்லியல் திணைக்களம் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதெல்லாம் நடக்கக் காலம் எடுக்கும். அதுவரை நம்மால் ஆவது ஒன்று உண்டு. ஹிப்பூரோஸ் எங்கே என்பதை முடிவாகச் சொல்லப்போவது மண்ணுக்குள் இருக்கும் ஏதோ ஒரு காசோ ஓட்டுச்சில்லோ. புதையல் தோண்டுவோர் இரவோடிரவாகக் கிளறும் ஒவ்வொரு குழியும் அந்தச் சான்றை அழிக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட. வயலிலோ கரையிலோ வீட்டுக்குக் கிணறு வெட்டும்போதோ பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; தேய்த்தால் பாசியோடு எழுத்தும் போய்விடும். காகிதத்தில் சுற்றி, எங்கே, எத்தனை அடி ஆழத்தில், பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதிவைத்து, பிரதேச செயலகத்துக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். காசைவிட அந்தக் குறிப்பு பெறுமதியானது.

(தொடரும்)